ஊராட்சிக் கணக்கில் 11 லட்சம் இருக்கிறது, தெருவிளக்கு மாற்றப் பணம் இல்லை என்கிறார்கள். ஏன்?

தெற்குத்தெரு_வார்டு:

தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று, அதனால் 2026 அக்டோபர் வரை எங்களுக்குப் பதவி இருக்கிறது. இத்தனை வருஷம் கூட்டத்துக்குப் போயும் எனக்குப் பிடிபடாத ஒன்றைக் கேட்கத்தான் இங்கே வந்தேன்.

போன மாதம் ஊராட்சிக் கூட்டத்தில் செயலர் வரவு செலவு வாசித்தார். எல்லாக் கணக்கையும் சேர்த்தால் 11 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பு. சரி, பணம் இருக்கிறதே என்று என் வார்டில் எரியாத 9 தெருவிளக்கையும் மாற்றித் தரச் சொன்னேன். "மேடம், அந்தப் பணத்தை இதுக்குத் தொட முடியாது, ஒண்ணாம் கணக்குல 23 ஆயிரம்தான் கிடக்கு, தொட்டி ஆபரேட்டர் சம்பளமே அதுலதான் போகணும்" என்றார். அதே கூட்டத்தில், கீழத்தெரு போர் மோட்டார் எரிந்து 12 நாளாகிறது, காயில் கட்டக் கொடுத்திருக்கிறோம், பில் வந்தால் எதில் கொடுப்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். தலைவர் தலையை ஆட்டினார், துணைத்தலைவர் ஒன்றும் பேசவில்லை, நாங்கள் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

என் வீட்டுத் திண்ணையில் இப்போது மூன்று எரியாத பல்பு இருக்கிறது. தெருக்காரர்கள் ஏணி வைத்துக் கழற்றி எடுத்துவந்து வைத்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இந்தத் "தொட முடியாது" யார் போட்டது? டெல்லியா, சென்னையா, இல்லை பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸா? வார்டு உறுப்பினரால் ஏதாவது செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய_ஒன்றியக்_கணக்கர்:

அம்மா, நான் 31 வருஷம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். உங்கள் செயலர் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை.

ஊராட்சிப் பணத்தை ஒரே பணமாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அஞ்சறைப் பெட்டி மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை. ஒன்றாம் கணக்கு ஊராட்சியின் பொது நிதி: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் எல்லாம் அதில் சேரும். இரண்டாம் கணக்கு மின் கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கான கட்டணமும் கட்டுவதற்கு மட்டும். அதை எடுத்து வேறு வேலை செய்ய முடியாது. அப்புறம் திட்ட நிதிகளுக்குத் தனி, மத்திய நிதி ஆணைய மானியத்துக்குத் தனி. நீங்கள் கேட்ட 11 லட்சம் இந்த எல்லா அறையின் கூட்டுத்தொகை. அதில் பெரும்பகுதி மத்திய மானியமாகத்தான் இருக்க வேண்டும், நான் பார்த்த பெரும்பாலான சின்ன ஊராட்சிகளில் அப்படித்தான்.

அந்த மானியத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று சொல்வதுதான் நிதி ஆணையம். 14-வது நிதி ஆணையம் (2015–20, ஒய்.வி. ரெட்டி தலைமையில்) கிராமத்துக்கான பணத்தை முழுக்கக் கிராம ஊராட்சிகளுக்கே கொடுக்கச் சொன்னது, அடிப்படை வசதிகள் என்ற பொது வரம்புக்குள் எதற்கும் செலவு செய்யலாம் என்றது. 15-வது ஆணையம் (என்.கே. சிங் தலைமை) வந்ததும் இரண்டு மாற்றம். ஒன்று, ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் அதில் பங்கு பிரிந்தது. இரண்டு, 2021–26 காலத்துக்கு நாடு முழுக்கக் கிராமப்புற உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் என்று பெரிய தொகையாகச் சொல்லிவிட்டு, அதில் 60 சதவீதத்தை, இன்னதுக்குத்தான் செலவு செய்யலாம் என்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. அந்த 60-ல் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுபயன்பாடு. மீதிப் பாதி துப்புரவு, கழிப்பறை, குப்பை மேலாண்மை. மிச்சமிருக்கும் 40 சதவீதம் முடிச்சில்லாத நிதி, ஊரின் தேவைக்கு ஏற்றபடி செலவு செய்யலாம், ஆனால் சம்பளம், நிர்வாகச் செலவு ஆகாது.

இப்போது உங்கள் மூன்று பிரச்சினைக்கு வருவோம். மோட்டார் குடிநீர் சம்பந்தப்பட்டது. குடிநீர்ப் பராமரிப்புக்கு முடிச்சுப் போட்ட நிதியிலிருந்து தாராளமாகச் செய்யலாம், அதற்காகத்தான் அந்த நிதியே. தெருவிளக்கு 40 சதவீதப் பங்கில் வரும். ஆபரேட்டர் சம்பளம் மட்டும் செயலர் சொன்னபடி மத்திய மானியத்தில் ஆகாது. ஆக, மூன்றில் இரண்டுக்கு வழி இருக்கிறது.

பிறகு ஏன் "தொட முடியாது" என்கிறார்? என் அனுபவத்தில், வருஷ ஆரம்பத்தில் போடும் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலையை எழுதியிருக்க மாட்டார்கள். திட்டத்தில் இல்லாத வேலைக்கு இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் பில் போட முடியாது. விட்டுப்போன வேலையைச் சேர்க்கத் துணைத் திட்டம் ஏற்ற வழி இருக்கிறது. கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, துப்புரவுத் தேவை ஊரில் முழுக்க நிறைவேறிவிட்டது என்று கிராம சபை உறுதி செய்தால் அந்தப் பங்கையும் குடிநீருக்குத் திருப்பலாம். விதியிலேயே இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே நிறைவேறியிருக்க வேண்டும், குப்பையை ஓடைக்கரையில் கொட்டிக்கொண்டு அப்படி எழுதிவிடாதீர்கள்.

அந்த இணையதளத்தை உங்கள் போனிலேயே திறந்து ஊராட்சிப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் திட்டம், வரவு, யாருக்கு எவ்வளவு போனது எல்லாம் தெரியும். யாரிடமும் கேட்க வேண்டாம்.

முன்னாள்_தலைவர்_புதுகை:

ஐயா சொன்னதெல்லாம் சரி. நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஊராட்சிக்கு ஐந்து வருஷம் தலைவராக இருந்தேன், 2019 டிசம்பர் தேர்தல், 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, இப்போது தனி அலுவலர்தான் பார்க்கிறார். தங்கச்சி கேட்ட "யார் போட்டது" என்ற கேள்விக்கு என் பதில்: மூன்று பேரும் போட்டது, நாமும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறோம்.

டெல்லியின் முடிச்சை ஐயா சொல்லிவிட்டார். நான் இன்னும் இரண்டு சொல்கிறேன், இவை யார் கண்ணுக்கும் படாது. 2022 ஜூலை 18 வரை உள்ளாட்சி வேலைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். அன்றிலிருந்து 18. என் ஊரில் ஒரு வாய்க்கால் வேலைக்கு 5 லட்சம் ஒதுக்கினால் அதில் ஏறக்குறைய 76 ஆயிரம் ரூபாய் வரியாகவே போய்விடும், மீதியில்தான் சிமெண்டும் கம்பியும் கூலியும். கம்பெனி என்றால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும். ஊராட்சி எங்கே கழிப்பது? மானியத் தொகை அப்படியே இருக்க, வாய்க்காலின் நீளம்தான் குறைந்தது. ஓவர்சியர் எஸ்டிமேட்டைத் திருத்திக்கொண்டு வந்தபோது 14 மீட்டர் குறைந்திருந்தது. அந்த 14 மீட்டருக்கு அப்பால் இருந்த மூன்று வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இரண்டாவது தொழில் வரி. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போடக்கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, 276-ஆவது பிரிவு. 1988-ல் 250-ஐ 2,500 ஆக்கினார்கள், அதோடு சரி. அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிய சம்பளம் என்ன, இன்றைக்கு என்ன? எங்கள் ஊரில் ஒரு மேல்நிலைப்பள்ளி, ஒரு வங்கிக் கிளை, ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றும் இருக்கின்றன, அங்கே சம்பளம் வாங்குபவர்கள் யாரும் கொடுக்க மறுப்பதில்லை, ஆனால் அதற்கு மேல் கேட்க நமக்கு அதிகாரம் இல்லை. இதைக் கிராம சபையில் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும்.

சென்னையின் முடிச்சு வேறு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்பது நல்ல ஏற்பாடு, பல மாநிலங்களில் இவ்வளவு ஒழுங்காகக் கிடையாது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி கரண்ட் பில்லுக்கு என்று ஒதுங்கிவிடும். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியது, அப்புறம் 2024 ஜூலையிலும் ஏறியது. போர் ஓடுகிற நேரம் அதேதான், பில் மட்டும் கூடியது. தேர்தல் நடத்தாமல் விடுவதும் சென்னையின் கையில் இருக்கும் முடிச்சுதான். 2016 அக்டோபரில் பழைய பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டால் மத்திய மானியம் கிடையாது என்பது விதி. நான் பதவியேற்ற அன்று சாவியோடு என் கையில் கொடுத்தது கரண்ட் பில் பாக்கிப் பட்டியல். இன்றைக்கு மறுபடி அதே நிலைமை எங்கள் மாவட்டங்களில். இது எனக்கு ரொம்ப வேதனையாக இருக்கிறது.

கடைசியாக நாம் போட்ட முடிச்சு, வீட்டு வரி. ஒன்றாம் கணக்கில் 23 ஆயிரம்தான் இருக்கிறது என்று சொன்ன உடனே நான் கேட்க நினைத்தது, உங்கள் ஊரில் வீட்டு வரி கேட்புப் பதிவேட்டைக் கடைசியாக எப்போது திருத்தினீர்கள்? நான் வந்தபோது எங்கள் பதிவேட்டில் மாடி வீடெல்லாம் ஓட்டு வீடாகவே இருந்தது. மேலே ஒரு தளம், கீழே மூன்று கடை, ரசீது மட்டும் 110 ரூபாய். அதிலும் 100 தான் ஊராட்சிக்கு, 10 ரூபாய் நூலக வரி, அது நூலகத்துக்குப் போய்விடும். முதல் கிராம சபையிலேயே வரி திருத்தம் பற்றிப் பேசினேன், சத்தம் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த தடவை வேறு மாதிரி செய்தேன். என் வீட்டை முதலில் அளந்தோம், டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை எதிர்க்கட்சி வார்டு உறுப்பினர் பிடித்தார். என் வரி ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆனது. அந்த ரசீதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினோம். அப்புறம் துணைத்தலைவர் வீடு. அதற்கப்புறம்தான் ஊர். எட்டு மாதம் ஆனது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பல்பு வாங்க யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. ஒன்றாம் கணக்குப் பணம்தான் ஊராட்சியின் சொந்தப் பணம், அதைச் செலவு செய்ய ஊர் கூடித் தீர்மானித்தால் போதும்.

நிழல்வலைக்காரன்:

எல்லோரும் முடிச்சையே குற்றம் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் ஊரில் முடிச்சு இல்லாத காலத்தில் வந்த பணமெல்லாம் பேவர் பிளாக் சாலையாகத்தான் போனது. நல்ல சாலையைத் தோண்டிவிட்டு மறுபடி அதையே போட்டார்கள். மேல்நிலைத் தொட்டியை யாரும் கழுவவில்லை, படிக்கம்பி துருப்பிடித்து ஆபரேட்டர் ஏறவே பயப்படுவார், கீழே நின்று பிளீச்சிங் பவுடர் கரைத்ததாக நோட்டில் எழுதிவிட்டுப் போவார். குடிநீருக்கென்று தனியாக வந்த பிறகுதான் அந்தப் படி மாறியது.

எனக்கு இருக்கிற குறை வேறு. ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தார்கள், ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர், வீட்டுக்கு வீடு குழாய். எங்கள் தெருவுக்கும் நீல நிறக் குழாய் வந்தது, படம் எடுத்துப் போனார்கள். ஆனால் குழாய் கூடக் கூட மோட்டார் ஓடும் நேரமும் கூடும், வால்வு உடையும், அழுத்தம் குறையும். கட்டிக் கொடுக்க மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போடுகின்றன, கட்டிய பிறகு காலாகாலத்துக்கும் ஓட்ட வேண்டியது ஊராட்சி. அதற்கு ஊர்க்காரர்களிடம் குடிநீர்க் கட்டணம் வாங்க வேண்டும், தண்ணீர் ஒழுங்காக வராமல் யார் கட்டுவார்கள்? கட்டாவிட்டால் தண்ணீர் எப்படி ஒழுங்காக வரும்? எங்கள் தெருவில் இந்தப் பேச்சு இரண்டு வருஷமாக நடக்கிறது.

பேரூராட்சி_வாசி:

ஊராட்சிக்காரர்கள் கொஞ்சம் எங்களையும் பாருங்கள். எங்களுக்கு வீட்டு வரி பெயர் சொத்து வரி, அதை ஏற்றச் சொன்னதே டெல்லிதான். 15-வது ஆணையம் நகரங்களுக்கு வைத்த நிபந்தனை: சொத்து வரிக்கு அடித்தள விகிதம் அறிவிக்க வேண்டும், அதற்குப் பிறகு வசூல் மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வருஷா வருஷம் கூட வேண்டும், இல்லாவிட்டால் மானியம் வராது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வரி ஏறியது. வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம். எங்கள் ஊரில் 2008-க்குப் பிறகு நிலைத்த மாற்றமே இல்லை, 2018-ல் ஏற்றியதையும் அடுத்த வருஷம் நிறுத்தி வைத்தார்கள். பதினாலு வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது. சின்னச் சின்னதாக ஏற்றியிருந்தால் நாங்களே கட்டியிருப்போம்.

தங்கள் ஊரிலும் அந்த நிலைமை வருவதற்குள் புதுகை அண்ணன் சொன்ன மாதிரி டேப் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் அக்கா.

பழைய_ஒன்றியக்_கணக்கர்:

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். உங்கள் எல்லைக்குள் ரயில்வே குடியிருப்பு, தபால் நிலையக் கட்டிடம் ஏதாவது இருந்தால் பாருங்கள். மத்திய அரசின் சொந்தச் சொத்துக்கு நாம் வரி போட முடியாது, அரசியல் சாசனம் 285. ஆனால் நாம் செய்து கொடுக்கும் சேவைக்குக் கட்டணம் கேட்கலாம். பல ஊராட்சிகள் கேட்பதே இல்லை, கேட்காமல் யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம் நேரம். 15-வது ஆணையத்தின் காலம் 2026 மார்ச்சோடு முடிகிறது. திட்டத்தில் ஏற்றாமல் கிடக்கும் பணத்தை அதற்குள் வேலையாக மாற்றுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் அவசரமாகப் போடும் பில்லில்தான் தணிக்கைத் தடை நிறைய வரும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தெற்குத்தெரு_வார்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு மணி நேரம் அந்த இணையதளத்தைப் பார்த்தேன், பையன் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினான். ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது. 11 லட்சத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் மத்திய மானியம், அதில் நாலரை லட்சத்துக்குக் கிட்ட முடிச்சுப் போட்டது. திட்டத்தில் துப்புரவுக்கு இரண்டு சமுதாய உறிஞ்சு குழி, குடிநீருக்கு ஒரு குழாய் நீட்டிப்பு, அவ்வளவுதான். மோட்டார் பராமரிப்பு என்று ஒரு வரி இல்லை. தெருவிளக்கு என்ற சொல்லே இல்லை. இந்தத் திட்டம் ஏறிய கிராம சபையில் நானும் இருந்தேன், கையெழுத்தும் போட்டேன். வாசித்தார்கள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் தவறு.

காலையில் செயலரிடம் போய்த் துணைத் திட்டம் பற்றிக் கேட்டேன். முதலில் தயங்கினார், அப்புறம் அவரே சொன்னார், மூன்று ஊராட்சிக்கு அவர் ஒருவர்தான் பொறுப்பு, வாரத்தில் இரண்டு நாள்தான் எங்கள் ஊரில் இருக்கிறார், இணையதளத்தில் ஏற்றும் வேலைக்கு ஒன்றியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று. அதைக் கேட்ட பிறகு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. மோட்டார் பில்லையும் 9 விளக்கையும் சேர்த்து ஜனவரி 26 கிராம சபையில் வைக்க ஒத்துக்கொண்டார். தலைவரிடமும் பேசிவிட்டேன்.

வீட்டு வரிப் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீடு ஓட்டு வீடு என்று இருக்கிறது. 2014-ல் தளம் போட்டோம். புதுகை அண்ணன் சொன்னபடி முதலில் எங்கள் வீட்டை அளக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன், வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை, இன்று ராத்திரி சொல்ல வேண்டும். அண்ணே, ஒன்று மட்டும் கேட்கிறேன்: கடை இருக்கிற வீட்டை அளக்கும்போது கடையைத் தனி வரிவிதிப்பு எண்ணாகப் பிரித்தீர்களா, இல்லை வீட்டோடு சேர்த்தே போட்டீர்களா? எங்கள் தெருவில் அப்படி நாலு வீடு இருக்கிறது, அதில் ஒன்று தலைவர் வீடு.